ஏடாட் டேப்பும் கணினியும்: எந்த சிங்க் வழி யாருக்குப் போதும்?

1990-களில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தவர்களின் அலமாரியில் இன்றும் எஸ்-வி.எச்.எஸ் கேசட்டுகள் இருக்கும். பார்த்தால் வீடியோ கேசட். உள்ளே இருப்பதோ எட்டு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) டிஜிட்டல் ஒலி. அலெசிஸ் நிறுவனத்தை நிறுவிய கீத் பார் உருவாக்கி, 1991 ஜனவரியில் அமெரிக்காவின் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் காட்டி, அடுத்த ஆண்டு 3,995 டாலர் விலையில் கடைக்கு வந்த ஏடாட் கருவியில் பதிவானவை அவை. அதுவரை டிஜிட்டல் மல்டிடிராக் என்றால் பெரிய ஸ்டூடியோக்களின் சொத்து. ஏடாட் வந்த பிறகு வீட்டு அறையிலும் எட்டு டிராக் கிடைத்தது. இன்னொரு ஏடாட்டைப் பக்கத்தில் வைத்தால் பதினாறு. இப்படியே 16 கருவிகள் வரை கோத்து 128 டிராக் வரைக்கும் போகலாம்.

இப்போது அந்த டேப்புகளுக்கும் வயதாகிவிட்டது, கருவிகளுக்கும் வயதாகிவிட்டது. பழைய பாட்டை எடுத்து மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டும், அல்லது அழியும் முன் கணினியில் ஏற்றிவைக்க வேண்டும் என்று பலரும் இறங்குகிறார்கள். இறங்கியதும் எழும் கேள்வி, இதை ரெக்கார்டிங் மென்பொருளோடு எப்படி சிங்க் செய்வது, அதாவது இரண்டையும் எப்படி ஒன்றாக ஓடவைப்பது என்பது. ஆப்டிகல் கேபிள் போதுமா? டேப் நிற்கும் இடத்தைச் சொல்லும் நேரக் குறியீடான டைம்கோடைத் தரும் பெட்டி தேட வேண்டுமா? ஒன்பது பின் சாக்கெட் உள்ள பழைய கார்டுக்கு அலைய வேண்டுமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டு ஒரே டேப்பில் இருந்தால் ஆப்டிகல் கேபிளுக்கு மேல் எதையும் வாங்காதீர்கள். ஒரே பாட்டு இரண்டு மூன்று டேப்புகளில் பிரிந்து கிடந்தால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்போதும் டைம்கோடு என்பது பலர் நினைக்கிற அளவுக்கு நல்ல விடை இல்லை. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எடுப்பும் காலப்பிரமாணமும்

சிங்க் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கச்சேரியில் எடுப்பும் காலப்பிரமாணமும் வேறு வேறு அல்லவா, அதுபோல. சரியான இடத்தில் எடுத்துவிட்டு வேகத்தை விட்டுவிட்டால் நாலு ஆவர்த்தனத்தில் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். வேகம் ஒன்றாக இருந்து எடுப்பு தவறினால் கடைசி வரை அதே அளவு விலகல் தொடரும்.

கருவிகளில் எடுப்பு என்பது இடம்: டேப் இப்போது பாட்டின் எந்த நொடியில் நிற்கிறது என்ற தகவல். காலப்பிரமாணம் என்பது கிளாக்: ஒரு நொடிக்கு எத்தனை சாம்பிள் (ஒலியை எண்ணாக்கிய ஓர் அளவீடு) ஓடுகிறது என்பது. டைம்கோடு இடத்தைச் சொல்லும். வேர்ட் கிளாக்கும் (கிளாக்கை மட்டும் கொண்டுபோகும் தனி இணைப்பு) ஆப்டிகல் கேபிளும் வேகத்தைக் கொடுக்கும். ஒன்று இருப்பதால் மற்றது தானாக வந்துவிடாது.

கிளாக்கை விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏடாட்டுக்குள் வேகத்தைத் தரும் ஒரு கிரிஸ்டல், ஒலியைக் கணினிக்குள் கொண்டுவரும் இன்டர்ஃபேஸ் பெட்டிக்குள் ஒரு கிரிஸ்டல். இரண்டிலும் 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள்) என்றுதான் போட்டிருக்கும். ஆனால் இரண்டும் சரிக்குச் சரி ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் 6 மில்லி விநாடி விலகும். நாற்பது நிமிட டேப்பை ஒரே மூச்சில் ஓட்டினால் 48 மில்லி விநாடி. காது அதைத் தனித்தனி அடியாகவே கேட்டுவிடும்.

கிளாக் பூட்டிவிட்டால் இந்த விலகல் முழுக்கப் போய்விடும். மிச்சம் இருப்பது தொடக்க இடத்தின் வித்தியாசம் மட்டும். அது ஒரே ஒரு எண். ஒருமுறை சரி செய்தால் பாட்டின் முதல் நொடியிலும் கடைசி நொடியிலும் சரியாகவே இருக்கும். கீழே ஒவ்வொரு வழியையும் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்: அந்த வழி கிளாக்கைக் கொடுக்கிறதா, இடத்தைக் கொடுக்கிறதா, இடத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கொடுக்கிறது.

ஆப்டிகல் மட்டும்

ஏடாட்டின் பின்பக்கம் இருக்கும் ஆப்டிகல் வெளியீடு ஒரே கேபிளில் எட்டு டிராக்கையும் அனுப்புகிறது. 24 பிட் வரை தாங்கும். இதைக் கண்டுபிடித்த கருவியே பெரும்பாலும் மறக்கப்பட்டாலும் இணைப்பு மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு விற்கும் எட்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் ஏடாட் உள்ளீடு உண்டு. ஆர்.எம்.ஈ நிறுவனத்தின் டிஜிஃபேஸ் யு.எஸ்.பி போன்ற சின்னப் பெட்டியில் நான்கு உள்ளீடுகள், அதாவது 32 டிராக். கேபிளும் சாதாரண டாஸ்லிங்க் கேபிள்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டிவி, சவுண்ட்பார், மதர்போர்டு ஆகியவற்றின் ஆப்டிகல் துளையும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அது ஸ்டீரியோ சிக்னலுக்கானது, எட்டு சேனல் ஏடாட் சிக்னல் அதற்குப் புரியாது. இன்டர்ஃபேஸின் விவரக்குறிப்பில் ஏடாட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இந்தக் கேபிளில் ஒலியோடு சேர்ந்து கிளாக்கும் வருகிறது. அதனால் இன்டர்ஃபேஸ் செட்டிங்கில் கிளாக் சோர்ஸ் என்ற இடத்தில் ஏடாட் அல்லது ஆப்டிகல் என்று மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. டேப் தலைமை, கணினி பின்தொடரும். பலர் சறுக்குவது இங்கேதான். மாற்றாமல் இன்டர்னல் என்றே விட்டுவிட்டாலும் ஒலி வரும், மீட்டர் ஆடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் மேலே சொன்ன 20 பங்கு வித்தியாசத்தில் ஏறத்தாழ நொடிக்கு ஒரு சாம்பிள் விழும் அல்லது இரட்டிக்கும். மெதுவான பாட்டில், நீளமாக நிற்கும் ஸ்வரத்தில், சின்னச் சின்ன 'டிக்' சத்தமாக அது கேட்கும். அதைக் கேட்டு டேப் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த செட்டிங்கைப் பாருங்கள்.

இந்த வழியில் இடத் தகவல் கிடையாது. டேப் எந்த நொடியில் இருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. மென்பொருளில் ரெக்கார்ட் அழுத்துகிறோம், பிறகு ஏடாட்டில் பிளே அழுத்துகிறோம். எட்டு டிராக்கும் ஒரே கேபிளில் ஒரே நேரத்தில் வருவதால் அவற்றுக்கு இடையே ஒரு சாம்பிள்கூட விலகாது. பாட்டு கணினியின் கோட்டில் 3-வது நொடியில் தொடங்கினாலும் 7-வது நொடியில் தொடங்கினாலும் யாருக்கு என்ன? எட்டையும் சேர்த்துப் பிடித்து நகர்த்திவிடலாம். ஒரே டேப் பாட்டுக்கு இதற்கு மேல் எந்தப் பெட்டியும் ஒலியில் துளிகூடக் கூட்டித் தராது.

கிளாக்கைப் பற்றி இன்னொன்று. கறுப்பு முகப்புள்ள முதல் ஏடாட் இயல்பிலேயே 48 கிலோஹெர்ட்ஸ் கருவி. அதில் 44.1 வேண்டும் என்றால் பிட்ச் பட்டனால் 147 சென்ட் (நூறு சென்ட் ஒரு ஸ்வரத்தானம்) கீழே இறக்க வேண்டும். 1990-களின் நடுவில் வந்த எக்ஸ்.டி மாடலில்தான் இரண்டையும் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழி வந்தது. டேப் உறையில் 44.1 என்று எழுதியிருந்தால் அதை மதித்து நடக்க வேண்டும். தப்பான எண்ணில் ஏற்றினால் பாட்டு ஏறத்தாழ ஒன்றரை ஸ்வரத்தானம் மேலே போய் 8.8 சதவீதம் வேகமாக ஓடும். ஆனாலும் பதற வேண்டாம். ஆப்டிகல் வழியாக வந்த சாம்பிள்கள் அதேதான். கோப்பின் தலைப்பில் உள்ள சாம்பிள் ரேட் எண்ணை மட்டும் திருத்தினால், ஒலியைத் தொடாமலே பாட்டு தன் சுருதிக்கு வந்துவிடும்.

இரண்டு கருவிகள் ஓடினால்

பாட்டு இரண்டு டேப்பில் இருக்கிறது, ஓடுகிற ஏடாட்டும் இரண்டு இருக்கிறது என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஏடாட்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒன்பது பின் சிங்க் கேபிள் கிளாக்கையும் இடத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறது, அதுவும் ஒரு சாம்பிள் துல்லியத்தில். டேப்பை ஃபார்மட் செய்தபோதே அதன் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகவரி பதிந்துவிட்டது. இரண்டாவது கருவி முதல் கருவியின் முகவரியைப் படித்துத் தன் டேப்பை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பூட்டிக்கொண்டு ஓடும். அப்புறம் இரண்டு ஆப்டிகல் கேபிள், பதினாறு உள்ளீடு, ஒரே ரெக்கார்டிங். கணினிக்கு டைம்கோடு தெரிய வேண்டிய அவசியமே இல்லை, பூட்டுகிற வேலையை டேப் கருவிகளே முடித்துவிடுகின்றன.

கருவி ஒன்றுதான் இருக்கிறது, டேப் மூன்று இருக்கிறது என்பவர்களுக்கு என் யோசனை: சிங்க் பெட்டிகளின் விலையை விசாரிக்கும் முன், தெரிந்தவர்களிடம் சில நாட்களுக்கு இன்னொரு ஏடாட் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது டேப்புக்கு மூன்றாவது கருவி தேவையில்லை. முதலில் 1-உம் 2-உம் சேர்த்து ஏற்றுங்கள், பிறகு 1-உம் 3-உம் சேர்த்து ஏற்றுங்கள். இரண்டு தடவையும் டேப் 1 வந்திருப்பதால் அந்த ஒலியலைகளைச் சாம்பிளுக்குச் சாம்பிள் பொருத்தினால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். இந்த உத்திக்குக் கூடுதலாக ஒரு சிங்க் கேபிளைத் தவிர எதுவும் தேவைப்படாது.

ஒரே கருவி, பல டேப்: கையால் பொருத்துவது

இரண்டாவது கருவி கிடைக்கவில்லை என்றால் டேப்புகளை ஒவ்வொன்றாக ஆப்டிகலில் ஏற்றிவிட்டுக் கண்ணாலும் காதாலும் பொருத்தலாம். இது தட்டுத்தடுமாறும் வேலை என்று பலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த டேப்புகள் ரெக்கார்டிங்கின்போதே சாம்பிள் அளவில் பூட்டி ஓடியவை. அதனால் டேப் 1-இல் பல்லவிக்கும் கடைசிச் சரணத்துக்கும் இடையே எத்தனை சாம்பிளோ, டேப் 2-இலும் அத்தனையேதான். ஒரு புள்ளியைச் சரியாகப் பொருத்தினால் போதும், மற்றவை தானாகப் பொருந்தும். ஏற்றும்போது இரண்டு தடவையும் ஏடாட் கிளாக்கைப் பின்பற்றியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

அப்படியானால் எல்லாம் அந்த ஒரு புள்ளியில் அடங்கியிருக்கிறது. எதைப் பிடித்துப் பொருத்துவது?

மிகவும் நல்லது, இரண்டாவது டேப்பில் முதல் டேப்பின் ரஃப் மிக்ஸ் (தற்காலிகக் கலவை) இருப்பது. பாடகர் வேறொரு ஸ்டூடியோவில் பாட வேண்டியிருந்தபோது இசையை இரண்டு டிராக்கில் இறக்கி, மீதி ஆறு டிராக்கைக் குரலுக்கு விட்டுக் கொடுத்தனுப்புவது அந்தக் காலத்து வழக்கம். அந்த ரஃப் மிக்ஸில் உள்ள கிக் டிரம் அடியையும் முதல் டேப்பின் கிக்கையும் பெரிதாக்கிப் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஓரிரு சாம்பிள் வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம்.

அடுத்தது கிளிக், அதாவது தாளம் பிடிக்க ஹெட்ஃபோனில் ஓடும் 'டிக் டிக்' ஒலி. இரண்டு டேப்பிலும் கிளிக் டிராக் இருந்தால் அதைப் பிடிக்கலாம். இல்லாவிட்டால் குரல் டிராக்கின் அமைதியான இடங்களைப் பெரிதாக்கிக் கேளுங்கள். பாடகரின் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த கிளிக் லேசாக மைக்கில் விழுந்திருக்கும். ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம் என்றால் தாமதம் அரை மில்லி விநாடி கணக்குதான். ஆனால் அறைக்குள் வேறொரு வாத்தியத்தின் மைக்கில் கசிந்த டிரம் சத்தத்தை வைத்துப் பொருத்தினால் ஏமாந்துபோவீர்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி எடுக்கும். டிரம் மூன்று மீட்டர் தள்ளி இருந்திருந்தால் 9 மில்லி விநாடி பிசகிய இடத்தைச் சரி என்று நினைத்து நிறுத்திவிடுவோம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது டேப்புகளுக்கு இடையே என்ன பிரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் டேப்பில் தாளமும் கீபோர்டும், இரண்டாவதில் குரல் மட்டும் என்றால் ஒன்றிரண்டு மில்லி விநாடி விலகலை எவரும் கேட்கமாட்டார்கள். பாடகர் மூச்சு எடுக்கிற விதத்திலேயே அதைவிடக் கூடுதல் அசைவு இருக்கும். ஆனால் ஒரே டிரம் செட்டின் கிக்கும் ஸ்னேரும் ஒரு டேப்பில், டிரம்முக்கு மேலே வைத்த ஓவர்ஹெட் மைக் இரண்டும் அடுத்த டேப்பில் என்று இருந்தால் கதை வேறு. ஒரே ஒலியை இரண்டு மைக் பிடித்திருப்பதால், 1 மில்லி விநாடி நகர்ந்தாலும் 500 ஹெர்ட்ஸ் பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஸ்னேர் மெலிந்துபோகும். அங்கே கையால் பொருத்துவதை நம்பாதீர்கள். இரண்டு கருவி வழிக்கோ, கீழே வரும் சாம்பிள் துல்லிய வழிக்கோ போய்விடுங்கள். தம்பூரா, வயலின் குழு, கோரஸ் ஆகியவை மைக் ஜோடியாக இரண்டு டேப்புக்குப் பிரிந்திருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

டைம்கோடு பெட்டிகள்

சிங்க் என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது டைம்கோடு. அலெசிஸ் விற்ற பி.ஆர்.சி என்ற பெரிய ரிமோட், ஏடாட்டின் முகவரியைச் சிம்ப்டி (ஒலி, ஒளிப்பதிவுத் துறையின் பொது டைம்கோடு) ஆகவும் மிடி டைம்கோடு (அதையே மிடி கேபிளில் அனுப்பும் வடிவம்) ஆகவும் வெளியே தரும். ஜே.எல்.கூப்பரின் டேட்டாசிங்க் என்ற சின்னப் பெட்டியும் ஒன்பது பின் சிங்க்கை மிடி டைம்கோடாக மாற்றும். ஏடாட் டேப்பையே ஏற்றுக்கொள்ளும் ஃபாஸ்டெக்ஸ் ஆர்.டி-8 கருவியில் இந்த வசதி உள்ளேயே உண்டு. மென்பொருள் பக்கத்தில் கியூபேஸ், புரோ டூல்ஸ், ரீப்பர் என எல்லாவற்றுக்கும் மிடி டைம்கோடைப் பின்தொடரத் தெரியும்.

இதன் நல்ல பக்கம் வசதி. டேப்பை எங்கே ஓட்டினாலும் மென்பொருள் அதே இடத்துக்கு ஓடிவரும். மிடி வழியாகக் கருவியை இயக்கும் எம்.எம்.சி கட்டளைகளும் சேர்ந்தால் மென்பொருளின் பிளே பட்டனை அழுத்தி டேப்பையே ஓடவைக்கலாம். டேப்பில் எட்டு டிராக், கணினியில் மிடி கீபோர்டும் சாம்ப்ளரும் என்று இரண்டையும் சேர்த்தே வைத்து இன்னும் வேலை செய்பவருக்கு, புதிதாக டேப்பிலேயே பதிவு செய்துகொண்டிருப்பவருக்கு, இது உண்மையிலேயே பயன்படும்.

ஆனால் நுணுக்கம் குறைவு. மிடி டைம்கோடு ஒவ்வொரு ஃபிரேமையும் நான்கு துண்டாக்கி அனுப்புகிறது. 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி, ஒரு துண்டு 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை. முழு முகவரியும் கைக்கு வர எட்டுத் துண்டு, அதாவது 80 மில்லி விநாடி ஆகும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குள் 1,920 சாம்பிள் அடங்கியிருக்கின்றன. மென்பொருள் இடையில் கணித்துக்கொண்டு தொடங்குகிறது என்றாலும் ஒவ்வொரு தடவையும் தொடக்கம் சில மில்லி விநாடி முன்பின் விழும். மிடி கீபோர்டுக்கு அது பெரிய குறை இல்லை. மூன்று டேப்பைத் தனித்தனியாக ஏற்றி அடுக்குபவருக்கு அது குறைதான். பெட்டிக்குச் செலவழித்த பிறகும் கடைசியில் கையால்தான் பொருத்த வேண்டியிருக்கும்.

இன்னொரு கேடும் உண்டு. டைம்கோடு கேபிளை மட்டும் மாட்டிவிட்டுக் கிளாக்கை இன்டர்னலில் விடுபவர்கள் இருக்கிறார்கள். தொடக்கம் பொருந்தும், முடிவு விலகும். சிங்க் செய்தும் ஏன் நழுவுகிறது என்று குழம்புகிறவர்கள் பலருடைய நிலை இதுதான். டைம்கோடு வழியில் போனாலும் ஆப்டிகல் அல்லது வேர்ட் கிளாக் கட்டாயம்: டைம்கோடு தொடக்க இடத்தை மட்டும் காட்டட்டும், அதற்குப் பிறகு கிளாக் வேகத்தைப் பிடித்துக்கொள்ளட்டும்.

முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி வேலை செய்வதால் டேப்பைப் படிக்கும் தலை உருளையும் டேப்பும் தேய்வதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் அரிதாகிவிட்ட இந்தக் காலத்தில், ஏற்றி முடித்துவிட்டு மிச்ச வேலையைக் கணினியில் செய்வதே அந்தக் கருவிக்கும் நல்லது.

ஒன்பது பின் நேரடியாகக் கணினிக்கு

எல்லா வழிகளிலும் நேர்த்தியானது இது. கணினிக்குள் செருகும் சில பி.சி.ஐ கார்டுகளில் ஏடாட்டின் ஒன்பது பின் சிங்க் நேரடியாகச் சேரும். ஆர்.எம்.ஈ-யின் ஹாமர்ஃபால் டிஜி9652, அதற்குப் பின் வந்த எச்.டி.எஸ்.பி 9652, மார்க் ஆஃப் தி யூனிகார்ன் நிறுவனத்தின் 2408 பெட்டியோடு வந்த கார்டு ஆகியவை இந்த வகை. ஆப்டிகலில் ஒலியும் கிளாக்கும், ஒன்பது பின்னில் சாம்பிள் அளவு முகவரியும் வந்துவிடும். கியூபேஸ், நியூண்டோ போன்ற மென்பொருளில் ஏ.எஸ்.ஐ.ஓ இடநிலை வசதியை (கார்டு படித்த முகவரியை மென்பொருளுக்குச் சொல்வது) இயக்கிவிட்டால், டேப்பை எந்த நொடியிலிருந்து ஓட்டினாலும் ஒலி தன் இடத்தில், ஒரு சாம்பிள் பிசகாமல் போய் உட்காரும். டேப் 1, டேப் 2, டேப் 3 என்று ஒரே கருவியில் மாற்றி மாற்றி ஏற்றலாம், எதையும் நகர்த்த வேண்டாம். நடுவில் பிழை விழுந்தால் அந்தப் பத்து நொடியை மட்டும் மறுபடி ஓட்டி அதே இடத்தில் ஒட்டலாம்.

அப்படியானால் எல்லாரும் இதையே எடுக்கலாமே என்றால், இடைஞ்சல் கணினியில் இருக்கிறது. இந்தக் கார்டுகளுக்குப் பழைய பி.சி.ஐ துளை வேண்டும். இன்றைய கணினிகளில் அது இல்லை. பழைய கணினி, அதற்கேற்ற பழைய விண்டோஸ், அதற்கேற்ற டிரைவர் என்று ஒரு முழு செட் தேவை. நான்கைந்து பாட்டுக்காக இதைக் கட்டுவது வீண் அலைச்சல் என்பேன். ஆனால் முப்பது நாற்பது டேப் வைத்திருக்கும் ஸ்டூடியோ, அதிலும் 16 டிராக், 24 டிராக் வேலைகள் நிறைய உள்ள ஸ்டூடியோ என்றால் தயங்காமல் இந்த செட்டைக் கட்டுங்கள். கட்ட ஆகும் நேரத்தை முதல் சில பாட்டுகளிலேயே மிச்சம் பிடித்துவிடலாம்.

அனலாக் வழியையும் கேட்பார்கள்: எட்டு வெளியீட்டையும் சாதாரண லைன் இன்புட்டில் மாட்டி எடுத்தால் என்ன? கருவியின் ஆப்டிகல் பகுதி செத்துப்போயிருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒலி தேவையில்லாமல் டிஜிட்டலிலிருந்து அனலாக், மறுபடி டிஜிட்டல் என்று இரண்டு மாற்றிகள் வழியாகப் போகும், கிளாக்கும் பூட்டாது. ஒரே டேப் என்றால் தாங்கும். பல டேப் என்றால் ஒவ்வொன்றும் தன் போக்கில் சற்றே விலகும்.

டேப் மாற்றித் தரும் சேவைக்குக் கொடுப்பதாக இருந்தால் இரண்டைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பல டேப் பாட்டுகளைக் கருவிகளைக் கோத்து ஒரே நேரத்தில் ஏற்றுவார்களா? கோப்புகள் எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியில் இருக்குமா? இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால், ஓடாத கருவி வைத்திருப்பவர்களுக்கு இதுவே சிக்கனம்.

டாஸ்கம் வைத்திருப்பவர்களுக்கு

1993-இல் வந்த டாஸ்கம் டி.ஏ-88 ஹை-8 கேசட்டில் எட்டு டிராக் பதிவு செய்யும், 120 நிமிட டேப்பில் 108 நிமிடம் வரை. சிந்தனை அதேதான், சாக்கெட் மட்டும் வேறு. ஒலி டி.டி.ஐ.எஃப் என்ற 25 பின் கேபிளில் போகும். அதை வாங்கிக்கொள்ளும் புதிய இன்டர்ஃபேஸ்கள் அரிது. மேலே சொன்ன 2408 பெட்டியில் அந்த உள்ளீடு உண்டு. இல்லாவிட்டால் டாஸ்கமின் ஐ.எஃப்-டேட் போன்ற மாற்றுப்பெட்டியால் ஏடாட் ஆப்டிகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கிளாக்குக்குத் தனியாக ஒரு பி.என்.சி வேர்ட் கிளாக் கேபிளையும் மாட்டிவிடுங்கள். டைம்கோடு வேண்டுமென்றால் டி.ஏ-88-க்கு எஸ்.ஒய்-88 என்ற கார்டைத் தனியாகப் பொருத்த வேண்டும், 1999-இல் வந்த டி.ஏ-78எச்.ஆரில் அது உள்ளேயே இருக்கிறது. இரண்டு கருவிகளைக் கோத்து ஒரே நேரத்தில் ஏற்றும் உத்தி இங்கேயும் செல்லும்.

ஏற்றும் அன்று

எந்த வழியானாலும் முதல் வேலை, எஸ்-வி.எச்.எஸ் கேசட்டின் பதிவுத் தடுப்புத் துண்டை உடைத்துவிடுவது. ஹை-8 என்றால் சின்னக் கதவைத் தள்ளிவிடுவது. தவறி ரெக்கார்ட் பட்டனில் கை பட்டாலும் டேப் தப்பிக்கும்.

இரண்டாவது, முக்கியமான டேப்புகளை இரண்டு தடவை ஏற்றுங்கள். இரண்டு பதிவையும் சாம்பிளுக்குச் சாம்பிள் பொருத்தி, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி) மற்றதோடு சேர்த்துக் கேளுங்கள். முழு அமைதி என்றால் இரண்டு தடவையும் ஒரே தரவுதான் வந்திருக்கிறது. எங்காவது சட்டென்று ஒரு கீறல் கேட்டால் அந்த இடத்தில் ஏதோ ஒரு தடவை டேப்பைச் சரியாகப் படிக்க முடியாமல் கருவி ஊகித்து நிரப்பியிருக்கிறது. தலையைச் சுத்தம் செய்துவிட்டு மூன்றாவது தடவை ஓட்டி, நல்ல பகுதியை எடுத்துக்கொள்ளலாம். கிளாக் பூட்டியிருப்பதால்தான் இந்தச் சோதனையே சாத்தியமாகிறது. அனலாக் வழியில் இது நடக்காது.

முதல் தலைமுறை டேப்புகள் 16 பிட், 1998 முதல் வந்த எக்ஸ்.டி20 வகையில் பதிந்தவை 20 பிட். இரண்டையும் 24 பிட் கோப்பாகவே சேமியுங்கள், ஒன்றும் இழக்கமாட்டீர்கள். கோப்பின் பெயரில் பாட்டு, டேப் எண், டிராக் எண், சாம்பிள் ரேட் நான்கும் இருக்கட்டும். டேப்புகளைக் கையால் பொருத்தியிருந்தால் எத்தனை சாம்பிள் நகர்த்தினீர்கள் என்ற எண்ணையும் அதே கோப்புறையில் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக எழுதிவையுங்கள். இன்னொரு மென்பொருளில் அந்தப் பாட்டைத் திறக்கிறவர் முதலில் தேடப்போவது அந்த எண்ணைத்தான்.